பழைய ஐரோப்பிய டாக்டர் கேலிப் படங்கள்: யாரைப் பாத்து யார் சிரிக்கிறாங்க?

முயல்காது எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா ராத்திரி தூக்கம் வராம மியூசியம் வெப்சைட்டா மேஞ்சிட்டு இருக்கேன், அதுல 1500ல இருந்து 1800 வரைக்கும் ஐரோப்பால வரைஞ்ச டாக்டர் படங்கள்ல மாட்டிக்கிட்டேன், வெளிய வர முடியல. யான் ஸ்டீன்னு ஒரு டச்சு ஓவியர் ஒரே சீனை திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்கார். நல்ல வசதியான வீடு, சில்க் ஜாக்கெட் போட்ட பொண்ணு சோர்ந்து போய் உக்காந்திருக்கு, கறுப்புத் தொப்பி போட்ட டாக்டர் ஏதோ உலக ரகசியத்தையே கண்டுபிடிச்ச மாதிரி நாடி பிடிச்சிட்டு நிக்கிறார், பக்கத்துல இருக்கறவங்க முகத்துல ஒரு நமட்டுச் சிரிப்பு. அடுத்தது ஏட்ரியன் பிரவுவர் வரைஞ்சது, கசப்பு மருந்து குடிச்ச ஒரு ஆளோட மூஞ்சி, அவ்வளவுதான் படமே, ஆனா பாத்ததுமே நமக்கே நாக்கு கசக்குது. அப்புறம் இங்கிலாந்து ஹோகார்த் வரைஞ்ச ஒண்ணு, விக் வச்ச டாக்டருங்க கூட்டமா நின்னு கைத்தடிய மோந்து பாத்துட்டு இருக்காங்க, ஏன்னே புரியல.

என் சந்தேகம் இதுதான். இதுல யாரை ஓட்டறாங்க? டாக்டரையா, நோயாளியையா, ஏழையையா, பணக்காரனையா? சிலது பாத்தா டாக்டருக்கு விழுற அடி மாதிரி இருக்கு, சிலது பாத்தா பாவப்பட்ட கிராமத்து ஆள வச்சு செய்ற மாதிரி இருக்கு, எனக்கு கொஞ்சம் சங்கடமாவும் இருக்கு.

இன்னொரு சின்ன கேள்வி. அந்த பறவை மூக்கு முகமூடி போட்ட பிளேக் டாக்டர் படம் எல்லா இடத்துலயும் சுத்துதே, அதுவும் கேலிப் படம்தான்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

---

பழையபேப்பர்:

கடைசி கேள்விக்கு மட்டும் இப்போதைக்கு. ஆமா, கேலிப் படம்தான். நீங்க சொல்றது 1656ல நியூரம்பெர்க்ல பால் ஃப்யூர்ஸ்ட் வெளியிட்ட தாளா இருக்கணும். தலைப்பே "ரோம்ல இருந்து வந்த டாக்டர் ஷ்னாபெல்", ஷ்னாபெல்னா ஜெர்மன்ல அலகு. அந்த வருஷம் ரோம்ல பிளேக் இருந்தது, அதனால விஷயம் சூடா இருந்த நேரம். படத்துக்குக் கீழ ஒரு பாட்டு இருக்கு, இணையத்துல ஷேர் பண்றவங்க அத வெட்டிடறாங்க, அங்கதான் கோளாறே. பாட்டு பாதி ஜெர்மன் பாதி லத்தீன், ஒரு வரியிலயே ரெண்டும் கலந்து வரும், அதாவது டாக்டருங்க நோயாளிகிட்ட லத்தீன் விடறதையே நக்கல் அடிக்குது. கடைசில, பணப்பைதான் இவனோட நரகம், தங்கம்தான் இவன் பிடிச்சிட்டுப் போற உயிர்னு முடியும். பேயா வரைஞ்சிருக்காங்க. கைல பாருங்க நகம் நீட்டின கையுறை, தடி மேல றெக்கை முளைச்ச மணற்கடிகாரம், தூரத்துல சின்னப் பசங்க இவனப் பாத்து தெறிச்சு ஓடறாங்க.

அதுக்காக அந்த டிரெஸ்ஸே கட்டுக்கதைன்னு சொல்லிட முடியாது, பிரெஞ்சு அரச வைத்தியர் ஷார்ல் த லோர்ம் 1619 வாக்குல இத யோசிச்சதா வழக்கமா சொல்லுவாங்க. ஆனா இந்தப் படத்த காட்டி "அப்போ டாக்டருங்க இப்படித்தான் இருந்தாங்க"ன்னு சொல்றது, ஒரு அரசியல் கார்ட்டூன காட்டி மந்திரி மூக்கு இவ்வளவு நீளம்னு சொல்ற மாதிரி.

---

செப்புத்தகடு:

ஆஹா நம்ம ஏரியா. நான் செதுக்கு ஓவியம் கத்துக்கிட்டவன், ஹோகார்த்னா விடிய விடிய பேசுவேன், மன்னிச்சிடுங்க.

முயல்காது, உங்க கேள்வில "டாக்டர்"னு ஒரே சொல்லா போட்டுட்டீங்க, அங்கதான் குழப்பம் ஆரம்பிக்குது. அன்னைக்கு இங்கிலாந்துல டாக்டர்னு ஒரே ஆளு கிடையாது, மூணு படி. மேல் படி ஃபிசிஷியன். ஆக்ஸ்ஃபோர்ட் இல்ல கேம்பிரிட்ஜ் படிப்பு, லத்தீன், தங்கப் பூண் போட்ட கைத்தடி, 1518ல தொடங்கின காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் பின்னாடி. ஒரு தடவை வந்து பாத்தா ஒரு கினி வைக்கணும், அதாவது 21 ஷில்லிங், லண்டன்ல கூலி வேலை செய்றவனுக்கு ஏறக்குறைய ரெண்டு வார சம்பளம். நடுவுல சர்ஜன், இவர் கைய வச்சு வேலை செய்றவர், அதனாலயே மட்டு. 1540ல இருந்து 1745 வரைக்கும் முடிவெட்டறவங்களும் சர்ஜன்களும் ஒரே சங்கம். கீழ அப்போத்திகரி, மருந்து இடிச்சு கலக்கி விக்கறவர். ஏழைங்களும் நடுத்தரக்காரங்களும் உடம்பு சரியில்லன்னா இவர்கிட்டதான் ஓடுவாங்க. இவர் யோசனை சொல்லலாமா கூடாதான்னு ஃபிசிஷியன்கள் கேஸ் போட்டு, 1704ல பிரபுக்கள் சபை வரைக்கும் போய் அப்போத்திகரி ஜெயிச்சாங்க. இந்த மூணுக்கும் வெளிய சந்தைல மேடை போட்டு விக்கற போலி வைத்தியன், எலும்பு ஒட்டறவ, பல்லு பிடுங்கறவன்னு ஒரு பட்டாளம்.

இப்போ அந்த கைத்தடி படத்துக்கு வருவோம். பேர் "அண்டர்டேக்கர்ஸ் கம்பெனி", 1737 மார்ச்ல வந்தது. அண்டர்டேக்கர்னா பொறுப்பெடுத்து செய்றவன்னும் அர்த்தம், பொணத்த அடக்கம் பண்றவன்னும் அர்த்தம். படம் முழுக்க ஒரு குடும்பச் சின்னம் மாதிரி, பிரபு வீட்டு வாசல்ல கேடயம் தொங்குமே அந்த மாதிரி, சுத்தி துக்கத்துக்கான கறுப்பு, ஓரத்துல எலும்புங்க. கீழ பாதில பன்னெண்டு பேர் விக்கும் தடியுமா நிக்கறாங்க. தடியோட தலைப்புல நோய் வாடை அண்டாம இருக்க வாசனை மருந்து வச்சிருப்பாங்க, அதத்தான் மோந்து பாக்கறாங்க. நோயாளி செத்தாலும் பரவால்ல நமக்கு ஒட்டக்கூடாது, அதான் விஷயம். நடுவுல ஒரு குடுவை நிறைய மூத்திரம், ஒரு ஆளு விரல விட்டு நக்கி ருசி பாக்கறார்.

மேல வரிசைல மூணு பேர், மூணு பேரும் அன்னைக்கு ஊரே பேசின ஆளுங்க. ஒரு பக்கம் ஜான் டெய்லர், கண் வைத்தியர்னு ஊர் ஊரா சுத்தினவர், அவர் தடில ஒரு கண்ணு வரைஞ்சிருக்கும். பின்னால 1750ல இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கு கண் ஆபரேஷன் பண்ணதும் இவர்தான், அந்த வருஷம் ஜூலைலயே பாக் போய்ச் சேந்துட்டார். இன்னொரு பக்கம் ஜோஷுவா வார்டு, பாதி மூஞ்சில சிவப்பு மச்சம், ஆன்டிமனிங்கற விஷப் பொருள் கலந்த மாத்திரை வித்தவர், ராஜா இரண்டாம் ஜார்ஜே இவரு பக்கம். நடுவுல கோமாளி மாதிரி கட்டம் போட்ட டிரெஸ்ல ஒரு பொம்பள, கைல ஒரு எலும்பு. அது சாரா மேப், எலும்பு ஒட்டறவ.

இப்போ கீழ எழுதியிருக்கறத படிங்க, குடும்பச் சின்னத்த விவரிக்கற பாஷையிலயே எழுதியிருப்பார். கீழ நிக்கற விக்கு பன்னெண்டுக்கும் அவர் வச்ச பேரு "போலி வைத்தியத் தலைகள்". மேல இருக்கற ரெண்டு ஆம்பளைங்க "அரை டாக்டர்கள்". சாரா மேப் மட்டும் "ஒரு முழு டாக்டர்".

பட்டம் வாங்கினவன் போலி, பட்டமே இல்லாதவ முழு டாக்டர். இத முதல் தடவை படிச்சப்போ நான் தனியா உக்காந்து சத்தமா சிரிச்சேன்.

---

கடைசிபெஞ்ச்:

நக்கி பாக்கற ஆள பத்தி இன்னும் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ரோ, இப்போதான் சாப்ட உக்காந்தேன்

---

வார்டுநர்ஸ்:

கடைசிபெஞ்ச், சாப்பாட்ட ஓரமா வைங்க தம்பி, நான் மூத்திரம் பத்தித்தான் எழுதப் போறேன்.

நான் நர்ஸ், ஓவியம் எல்லாம் சும்மா ஆர்வத்துல பாக்கறதுதான். மொதல்ல ஒண்ணு, குடுவைய வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறது முழு மடத்தனம் இல்ல. கலரு, நுரை, ரத்தம், இதெல்லாம் இன்னைக்கும் நாங்க பாக்கறதுதான். அன்னைக்கு கேலி எங்க வருதுன்னா, அந்த ஒரு குடுவைய வச்சே எல்லாத்தையும் சொல்லிடுவேன்னு கிளம்பறாங்க பாருங்க, அங்க. வேலைக்காரன்கிட்ட குடுத்து விட்டா போதும், நோயாளிய பாக்காமலே என்ன வியாதி, பொழைப்பாளா மாட்டாளா, கர்ப்பமா இல்லையான்னு சொல்லிடுவான். இவங்களுக்கு இங்கிலாந்துல "மூத்திர தீர்க்கதரிசி"ன்னே பட்டப்பேரு.

இதுல வர்க்கம் எங்க இருக்குன்னா செப்புத்தகடு சொன்ன அந்த "கைய வச்சு வேலை செய்றவர் மட்டு"ங்கற எடத்துலதான். குடுவை இருந்தா உடம்ப தொட வேணாம். நாடி பிடிச்சா மணிக்கட்டு மட்டும். புண்ண கழுவறது, சீழ் எடுக்கறது, ரத்தம் விடறது எல்லாம் வேற ஆளோட வேலை. அதனாலதான் ஓவியர்கள் ஃபிசிஷியன வரையணும்னா கைல குடுவைய குடுத்துடறாங்க, சர்ஜன வரையணும்னா கத்தி, கட்டு, அலறுற ஒரு ஆளு. ஓவியர் ஹோல்பைனோட "மரண நடனம்" 1538ல லியோன் ஊர்ல புத்தகமா வந்ததே, அதுல வைத்தியர் பக்கத்த பாருங்க, ஒரு கெழவன கூட்டிட்டு வந்து குடுவைய நீட்டறதே எலும்புக்கூடுதான். "இந்தா சார், டெஸ்ட்டுக்கு."

யான் ஸ்டீன் படங்கள்ல டாக்டர் போட்டிருக்கற டிரெஸ் அவர் காலத்து டிரெஸ்ஸே இல்ல, அப்பவே பழசாப் போன, நாடகத்துல கோமாளி வைத்தியனுக்கு மாட்டி விடற வேஷம். பாக்கற டச்சுக்காரனுக்கு டாக்டர் வாசல்ல நுழையும்போதே சிரிப்பு வந்திருக்கும். தரைல பாருங்க, பல படங்கள்ல ஒரு சின்ன நெருப்புச் சட்டியும் அதுல கருகற ஒரு ரிப்பனும் இருக்கும், அது கர்ப்பமான்னு கண்டுபிடிக்கற அந்த காலத்து வீட்டு டெஸ்ட்டு. ஒண்ணு முனிச்ல இருக்கு, அதுல ஒரு தாள்லயே எழுதி வச்சிருக்கார், இங்க மருந்து வேலைக்கு ஆகாது, இது காதல் நோவுன்னு. அதாவது வீட்ல இருக்கற எல்லாருக்கும் என்ன சமாச்சாரம்னு தெரியும், ஃபீஸ் வாங்கற ஆளுக்கு மட்டும் தெரியாது.

ஆனா முயல்காதுக்கு வந்த சங்கடம் எனக்கும் வரும். அந்த சிரிப்புல பொண்ணும் மாட்டிக்குது. ஒரு பொண்ணு வலிக்குதுன்னு சொன்னா அது காதலாத்தான் இருக்கும்னு கண்ணடிக்கறது எனக்கு அவ்வளவா ரசிக்கல. ஸ்டீன் எவ்வளவு அழகா வரைஞ்சாலும் சரி.

---

கடைசிபெஞ்ச்:

சாப்பாடு ஓரமா வச்சாச்சு அக்கா.

நம்ம பங்குக்கு ஒண்ணு. போஷ்னு ஒரு ஓவியர் வரைஞ்ச "கல் எடுக்கற ஆபரேஷன்", மாட்ரிட் பிராடோல இருக்கு. தலைல கல்லு இருக்குன்னா டச்சு பேச்சுல கிறுக்குன்னு அர்த்தம், அத நிஜமாவே அறுத்து எடுக்கறான் ஒருத்தன். எடுக்கறவன் தலைல தொப்பிக்கு பதிலா புனல கவுத்து வச்சிருக்கான், பக்கத்துல ஒரு கன்னியாஸ்திரி புத்தகத்த படிக்காம தலைல வச்சிட்டு உக்காந்திருக்காங்க, தலைக்குள்ள இருந்து வர்றது கல்லு கூட இல்ல, பூ. சுத்தி அழகான எழுத்துல "மாஸ்டர், கல்ல சீக்கிரம் எடுங்க, எம்பேரு லுபெர்ட் தாஸ்"னு. லுபெர்ட்னா அன்னைக்கு வழக்குல ஏமாளிக்கு வைக்கற பேரு. என் கணக்குப்படி அந்த படத்துல அறிவாளி யாருமே இல்ல, அதான் எனக்கு பிடிச்சது.

---

பழையபேப்பர்:

சரி இப்போ பெரிய கேள்விக்கு வரேன். யாரைப் பாத்து சிரிக்கறாங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி யாரு காசு குடுத்து வாங்கினாங்கன்னு கேக்கணும்ங்கறது என் கட்சி.

பிரவுவர எடுத்துக்கோங்க. 1638ல முப்பத்து சொச்சம் வயசுல செத்துட்டார். வரைஞ்சது எல்லாம் குடிசை மாதிரி இருட்டு ரூமு, கிழிஞ்ச துணி, முதுகுல கட்டிய கீறும்போது பல்ல கடிக்கற ஆளு, கால்ல ஆபரேஷன் பண்ணும்போது மூஞ்சிய சுளிக்கற ஆளு, அப்புறம் ஃபிராங்ஃபர்ட்ல இருக்கற அந்த கசப்பு மருந்து. வாங்கினது யாரு? ஓவியர் ரூபன்ஸ் கிட்ட மட்டும் பிரவுவர் படம் பதினேழு இருந்துச்சு. ஆண்ட்வெர்ப்ல அரண்மனை மாதிரி வீடு கட்டி ராஜாக்களோட பழகின ரூபன்ஸ். ரெம்பிராண்ட்டும் சேத்து வச்சிருந்தார். ஏழையோட வலி பணக்காரன் வீட்டு சுவத்துல தொங்குது. ஏழைக்கு வலிச்சா வாயப் பிளந்து கத்துவான், மேல்தட்டு ஆளு அடக்கிக்குவான், அந்த வித்தியாசமே பாக்கறவனுக்கு வேடிக்கை. இத டாக்டர் கேலின்னு நான் சொல்ல மாட்டேன்.

ஹோகார்த்தும் சும்மா இல்ல. அவரோட "வேசியின் பயணம்" 1732ல ஆறு படம் சேத்து ஒரு கினி, "நாகரிகக் கல்யாணம்" 1745ல அதுவும் ஆறு படம் அதுவும் ஒரு கினி. டாக்டர் ஃபீஸும் ஒரு கினி, டாக்டர கிண்டல் பண்ற செட்டும் ஒரு கினி! வேசியின் பயணத்துல அஞ்சாவது படத்த பாருங்க, அந்தப் பொண்ணு மால் மூலைல மேகநோய்ல, அதாவது சிஃபிலிஸ்ல, உயிர விட்டுட்டு இருக்கா, ரெண்டு டாக்டருங்க என் மாத்திரை பெருசா உன் வைத்தியம் பெருசான்னு நாற்காலி கவுந்து விழுற அளவுக்கு சண்டை, ஒருத்தராவது அவ பக்கம் திரும்பணுமே. இத வாங்கி ஃபிரேம் போட்டவன் டாக்டருக்கு கினி குடுக்க முடிஞ்சவன். அவன் தன்னோட டாக்டரப் பாத்து சிரிக்கறான், அது பாதுகாப்பான சிரிப்பு.

ஏழைங்களுக்கும் போய் சேரணும்னு ஹோகார்த் ஒரு தடவை நினைச்சார், அதையும் சொல்லிடணும். 1751ல "கொடுமையின் நாலு படிகள்" ஒரு தாள் ஒரு ஷில்லிங், அதவிட மலிவா மரக்கட்டைல செதுக்கவும் ஆள் வச்சார், ரெண்டு படம் முடிஞ்சதும் எதிர்பார்த்தத விட செலவு எகிறிடுச்சுன்னு விட்டுட்டார். அந்த கடைசிப் படம்தான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே பயங்கரமானது. தூக்குல போட்ட டாம் நீரோவ மேசைல போட்டு அறுக்கறாங்க, கழுத்துல கயிறு இன்னும் அப்படியே, ஒரு நாய் கீழ இதயத்த தின்னுட்டு இருக்கு. நடுவுல தலைமை சர்ஜன் ஜட்ஜு மாதிரி சிம்மாசனத்துல உக்காந்து குச்சியால காட்டறார், சுத்தி இருக்கற பெரிய மனுஷங்க அவங்கபாட்டுக்கு அரட்டை. அடுத்த வருஷமே கொலைகாரங்க உடம்ப சர்ஜன்கிட்ட குடுக்கலாம்னு சட்டம் அமலுக்கு வந்துச்சு. ஏழைக்கு உயிரோட இருக்கும்போது கிடைக்காத கவனிப்பு, செத்ததும் பத்து பேர் சுத்தி நின்னு பாக்கறாங்க.

---

முயல்காது:

அய்யோ இவ்வளவு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. அந்த நாய் படத்த போய் பாத்தேன், பாத்திருக்க வேணாம்.

செப்புத்தகடு அண்ணா, சாரா மேப் விஷயத்துல ஒரு சந்தேகம். "முழு டாக்டர்"னு எழுதினது பாராட்டா? கோமாளி டிரெஸ் போட்டு, மாறுகண்ணா வரைஞ்சு, கைல எலும்ப குடுத்துட்டு முழு டாக்டர்னு சொன்னா அது குத்தல் மாதிரில்ல இருக்கு?

---

செப்புத்தகடு:

ரெண்டும்தான், ஆனா நான் பாராட்டு பக்கம் சாய்வேன். அந்தம்மா நிஜமாவே எலும்ப ஒட்ட வச்சாங்க. அப்பாவும் எலும்பு ஒட்டறவர், அவர்கிட்ட கத்துக்கிட்டது. எப்சம் ஊர்க்காரங்க இவங்க வேற ஊருக்கு போயிடக் கூடாதுன்னு வருஷத்துக்கு பணம் குடுத்து நிறுத்தி வச்சதா அன்னைக்கு பத்திரிகைலயே வந்துச்சு. 1736ல நாலு குதிர பூட்டின வண்டில லண்டன் காபி ஹவுஸுக்கு வந்து அங்கயே வைத்தியம் பாத்தாங்க. கீழ நிக்கற பன்னெண்டு பேர் மூத்திரத்த பாத்து ஆலோசனை பண்றாங்க, இவ ஒருத்திதான் கைல வேலையோட நிக்கறா. தோள்பட்டை எறங்கினா ஒண்ணு ஏறும் இல்ல ஏறாது, லத்தீன் பேசி சமாளிக்க முடியாது.

---

வார்டுநர்ஸ்:

நான் ஒத்துக்க மாட்டேன் செப்புத்தகடு. வேலை தெரிஞ்ச பொம்பளைய உச்சில உக்கார வச்சா அது பாராட்டுன்னு ஆம்பளைங்கதான் சொல்லுவீங்க. உச்சில வச்சதே, "பாருங்கடா, ஃபிசிஷியன் தொழில் எந்த லட்சணத்துக்கு வந்துடுச்சு, இவ உங்களுக்கு மேல"ன்னு அந்த பன்னெண்டு பேருக்கு உறைக்கத்தான். அவ அவங்கள அடிக்கற குச்சி. அந்த விவரிப்புல அவள "அவன் வலது கையில"ன்னு ஆம்பளையாத்தான் குறிப்பிட்டிருக்கும், பொம்பள மாதிரியே இல்லைங்கறது அதுல ஒளிஞ்சிருக்கற இன்னொரு குத்தல். அதே 1737 டிசம்பர்ல கைல காசில்லாம செத்துப் போனா, படம் வந்து ஒரு வருஷம் கூட ஆகல. டெய்லரும் வார்டும் அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஜாம் ஜாம்னு இருந்தாங்க.

---

செப்புத்தகடு:

"அவன்"ங்கறத நான் கவனிக்கவே இல்ல. இத்தனை வருஷமா அந்த தாள பாத்துட்டு இருக்கேன். சரி, பாதி வாபஸ்.

ஆனா ஹோகார்த் மேல்தட்ட விடலைங்கறதுக்கு ஒண்ணு சொல்லிட்டு போறேன். நாகரிகக் கல்யாணத்துல மூணாவது படம், சின்னப் பிரபு மேகநோய் மாத்திரை வேலை செய்யலன்னு போலி டாக்டர்கிட்ட சண்டை போட வந்திருக்கான், கூட ஒரு சின்னப் பொண்ணு, வாயோரம் புண்ண ஒத்திக்கிட்டு நிக்குது. அவன் கழுத்துலயும் கறுப்புப் புள்ளி. டாக்டர் ரூம்ல ஒரு பெரிய மெஷினு, பக்கத்துல இருக்கற புத்தகத்துல இது ரெண்டு அருமையான மெஷின் பத்தின விளக்கம், ஒண்ணு தோள்பட்டைய ஏத்தறதுக்கு, ஒண்ணு பாட்டில் கார்க் புடுங்கறதுக்கு, பாரீஸ் அகாடமி பாத்து ஒப்புதல் குடுத்ததுன்னு பிரெஞ்சுல எழுதியிருக்கும்.

ஆறாவது படம் இன்னும் நுணுக்கம். சீமாட்டி அபின் மருந்த குடிச்சு செத்துட்டு இருக்கா. ஃபிசிஷியன் வாசல் வழியா நழுவி வெளிய போயிட்டு இருக்கறது பின்னாடி தெரியும், அவர் வேலை முடிஞ்சது. உள்ள நின்னு வேலைக்காரன் சட்டைய பிடிச்சு மருந்து ஏண்டா வாங்கியாந்தேன்னு கத்தறது அப்போத்திகரி. அப்பங்காரன் பொண்ணு விரல்ல இருந்து மோதிரத்த கழட்டறான், தற்கொலைன்னா சொத்து போயிடும்ல. மேல் படி எறங்கிப் போயிடுச்சு, கீழ் படி கத்துது, பழி வேலைக்காரன் மேல. மூணு பேரும் ஒரே ரூம்ல.

---

மணல்கடிகாரம்:

லேட்டா வரேன். ஸ்பெயின் விட்டுப் போச்சே. அந்த ஊர் ஓவியர் கோயாவோட செதுக்கு ஓவிய வரிசை "காப்ரிச்சோஸ்" 1799, 80 தாள். நாப்பதாவது தாள்ல படுக்கைல ஒரு நோயாளி, பக்கத்துல நல்லா கோட்டு போட்ட கழுதை நாடி பிடிச்சிட்டு உக்காந்திருக்கு, கீழ "எந்த நோய்ல சாவான்?"னு ஒரே கேள்வி. பதில் உங்களுக்கே தெரியும், நோய்ல சாக மாட்டான். ஆனா அத தனியா பாக்காதீங்க, ரெண்டு தாள் தள்ளி நாப்பத்திரெண்டாவதுல ரெண்டு கிராமத்து ஆளுங்க ஆளுக்கொரு கழுதைய முதுகுல சுமந்துட்டு போறாங்க. டாக்டர் கழுதை, வாத்தியார் கழுதை, குலப்பெருமை பேசற கழுதைன்னு வரிசையா காட்டிட்டு, கடைசில இந்த கழுதைங்கள தூக்கறது யாருன்னு காட்டறார்.

பழையபேப்பர் சொன்ன காசு கணக்குக்கும் ஒண்ணு, மாட்ரிட்ல அவர் வீட்டுக்குக் கீழ இருந்த சென்ட்டும் சாராயமும் விக்கற கடைலதான் வித்தாங்க, செட்டு 320 ரெயால். 27 செட்டு போனதும் வாபஸ் வாங்கிட்டார், 1803ல தகடு எல்லாத்தையும் ராஜாவுக்கே குடுத்துட்டார். பயந்துட்டார்னுதான் நான் நினைக்கறேன்.

---

வார்டுநர்ஸ்:

முயல்காது, ஏழையப் பாத்து சிரிக்காத ஒரு படமாச்சும் இருக்கான்னு உங்களுக்காக தேடினேன். ரோலண்ட்சன்னு ஒரு இங்கிலாந்து கேலிப்பட ஓவியர், 1787, "பல் மாற்று". பாருங்க, அப்புறம் பேசலாம்.

விஷயம் என்னன்னா அப்போ பணக்காரங்களுக்கு சர்க்கரை தின்னு பல்லு போயிடுது, அதுக்கு ஏழைப் பசங்க வாய்ல இருந்து நல்ல பல்ல உயிரோட புடுங்கி சூட்டோட சூடா சொருகறாங்க. கற்பனை இல்ல, ஜான் ஹண்டர்ங்கற பெரிய சர்ஜனே இத சிபாரிசு பண்ணவர், மனுஷப் பல்ல சேவல் கொண்டைல நட்டு வச்சு பாத்தவர். முதல் ஆளோட பல்லு பொருந்தலன்னா அடுத்த ஆளோடது, அதனால நாலஞ்சு பேர தயாரா வச்சிக்கங்கன்னு யோசனை வேற. இதுல மேகநோயும் சேந்தே ஒட்டிக்கிச்சு.

படத்துல நடுவுல புகைபோக்கி கூட்டற ஒரு சின்னப் பையன், கரி பிடிச்ச மூஞ்சி, அவன் வாய்லதான் டாக்டர் கைய விட்டிருக்கார். பக்கத்துல அவன் பல்லுக்கு காத்திருக்கற சீமாட்டி. கதவுல போர்டு, "உயிருள்ள பல்லுக்கு அதிக விலை தரப்படும்". டாக்டரு ரஷ்ய மகாராணிக்கே பல் வைத்தியர்னு இன்னொரு அறிவிப்பு. சிரிப்பு யாரு மேலன்னு இதுல கேக்கவே வேணாம்.

---

பழையபேப்பர்:

நல்ல படம் எடுத்துட்டு வந்தீங்க. என் கட்சிக்கு ஒரு ஓட்டையும் போட்டுட்டீங்க, ஏன்னா இந்த மாதிரி தாள் ஒண்ணு ரெண்டு ஷில்லிங் குடுத்து வாங்கறவனுக்குத்தான்னாலும், கடை ஜன்னல்ல ஒட்டி வைப்பாங்க, வாங்க வக்கில்லாதவன் எல்லாம் தெருவுல நின்னு ஓசில பாப்பான். கில்ரேங்கற கேலிப்பட ஓவியர் குடியிருந்த ஹம்ஃப்ரி அம்மா கடை ஜன்னல் முன்னாடி கூட்டம் நிக்கறத கில்ரேயே 1808ல வரைஞ்சிருக்கார். அப்போ அந்த புகைபோக்கி கூட்டற பையன் மாதிரி ஒருத்தனும் இந்த படத்த தெருவுல நின்னு பாத்திருப்பானோ என்னவோ.

---

கடைசிபெஞ்ச்:

கில்ரேன்னதும் ஞாபகம் வருது, 1802ல ஜென்னர்ங்கற டாக்டர் பெரியம்மை வராம இருக்க மாட்டு அம்மைப்பால் குத்தற படம், குத்துன எடத்துல எல்லாம் மாடு மொளைக்கும். அதுல குத்திக்க வந்திருக்கறது பூரா ஏழை பாழைங்கதான், பக்கத்துல அம்மைப்பால் வாளிய தூக்கிட்டு நிக்கறதும் தர்மப் பள்ளிக்கூடத்து பையன். இப்போ புரியுது.

---

முயல்காது:

வார்டுநர்ஸ் அக்கா, பாத்தேன். பெருசாக்கி பாத்தேன். எல்லாரும் நடுவுல இருக்கற பையனத்தான் பாப்பாங்க போல, நான் ஓரத்துல கதவுகிட்ட போயிட்டேன். ஏற்கனவே பல்ல குடுத்து முடிச்ச ரெண்டு பிள்ளைங்க வெளிய போகுது, கிழிஞ்ச துணி, தாடைய பிடிச்சிட்டு. அதுல அந்தப் பொண்ணு அழுதுகிட்டே உள்ளங்கைல இருக்கற காச குனிஞ்சு பாக்குது.

எவ்வளவுன்னு எண்ணிப் பாக்குதுன்னு நினைக்கறேன்.